கட்டத்துக்குள் ஒரு கையெழுத்து

அத்தியாயம் 14

போன வாரம் ஷெல்பியைத் திட்டி எழுதியவர்களில் பாதிப் பேர் அம்மாக்கள். 'பெற்ற பிள்ளைக்கு ஒரு நாளில் இருபது நிமிடம் ஒதுக்க முடியாதவள் என்ன தாய்?' என்று ஒருவர் சிவப்பு மையில் கேட்டிருந்தார். கேட்கட்டும். நானும் இதே இந்தியானா மாநிலத்து ஊரில்தான் மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினேன். எங்கள் காரிலும் கியருக்குப் பக்கத்தில் ஒரு பேனா கிடந்தது. அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

இந்த வாரம்தான் முதல் தடவையாகப் படிக்கிறவர்களுக்கு நாலு வரி. ஷெல்பி கெஸ்லர் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறாள், பகல் பதினொன்றரையிலிருந்து இரவு எட்டு வரை. அவள் கணவன் ட்ராய் காற்றாலைத் தூண் நடுகிறவன். திங்கள் கிளம்பினால் வெள்ளிதான் வீடு. ஒரே மகள் டெல்லாவுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் அரசாங்கம் வைக்கும் வாசிப்புத் தேர்வில் தேறாவிட்டால், மறுபடி மூன்றாம் வகுப்புதான்.

அந்தத் தேர்வுக்காகத்தான் வாசிப்புத் தாள். தினமும் சாயங்காலம் வீட்டில் இருபது நிமிடம் வாசிக்க வேண்டும். புத்தகத்தின் பெயர், எத்தனை நிமிடம், பெற்றவரின் இனிஷியல் என்று தாளில் கட்டம் கட்டமாக இருக்கும். மறுநாள் காலை டீச்சர் அதன்மேல் ஒரு நட்சத்திரம் குத்துவார். நூறு நட்சத்திரம் சேர்ந்தால் மெடல்.

அக்டோபரில் ஷெல்பி ஒன்பது நாள் உண்மையாகவே உட்கார்ந்தாள். நாலு வார்த்தை தாண்டுவதற்குள் டெல்லா அழுவாள், ஏழாவது வார்த்தையில் ஷெல்பியும் அழுவாள். பத்தாம் நாள் காலை, பள்ளி வாசலில் கார் வரிசை நகர்வதற்குள், முழங்காலில் தாளை வைத்துப் புத்தகத்தின் பெயர், இருபது, எஸ்.கே. என்று எழுதிவிட்டாள். பதினோராம் நாள் வேறு நிறப் பேனாவில் எழுதினாள், இயல்பாகத் தெரியட்டும் என்று. அதற்குப் பிறகு கதை அப்படியே போனது.

இன்று நூறாம் நாள் விழா.

"அம்மா, ஜடை கோணலா இருக்கு."

"நேராத்தான் இருக்கு. தலைய ஆட்டாத."

காரில் பின்சீட்டில் மஞ்சள் கவுன் போட்டு உட்கார்ந்திருந்தாள் டெல்லா. முன்னால் பதினாறு கார். ஒவ்வொன்றாக வாசலுக்குப் போய்ப் பிள்ளையை இறக்கிவிட்டு நகர்ந்தது.

"அப்பா வருவாருல்ல?"

"ஒன்றரை மணிக்கு விழா. ஒரு மணிக்கே வந்து நிப்பார். அரை நாள் லீவு சொல்லிருக்கார்."

"நான் முதல்ல ஏறுவேனா, கடைசியில ஏறுவேனா?"

"எப்ப கூப்பிடறாங்களோ அப்ப ஏறு. மெடல் ஓடிப் போயிடாது."

டெல்லா சிரித்தாள். ஷெல்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பிப்ரவரியிலிருந்தே அந்தத் தாள் காருக்கு வரவில்லை. ஒரு தடவை கேட்டதற்கு, "மிஸ் அத இப்ப கிளாஸ்லயே வெச்சுக்கறாங்க" என்று சொன்னாள் டெல்லா. விட்டது தொல்லை என்று ஷெல்பியும் மேலே கேட்கவில்லை. அப்படியானால் நூறு எப்படி ஆனது? பள்ளியிலேயே வாசிக்க வைத்துக் கணக்கில் சேர்த்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வசதியான விஷயங்களை நாம் யாருமே தோண்டிப் பார்ப்பதில்லை.

டெல்லாவை இறக்கிவிட்டு, ஷெல்பி காரை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். ஒன்பது மணிக்கு டீச்சர் வரச் சொல்லியிருந்தார்.

* * *

மிஸ் யோடர் இருபது வருடமாக மூன்றாம் வகுப்பு எடுப்பவர். பிள்ளைகள் இசை வகுப்புக்குப் போயிருந்தார்கள். பெரியவர்கள் உட்கார நாற்காலி இல்லாததால், குழந்தைகளின் நாற்காலியிலேயே இருவரும் முழங்கால் முட்ட உட்கார்ந்தார்கள்.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன் ஷெல்பி. டெல்லா தேறல."

ஷெல்பி தலையாட்டினாள். எதிர்பார்த்ததுதான்.

"கொஞ்சத்துல போச்சா?"

"இல்ல. நிறைய."

"அப்ப அடுத்த வருஷம் மறுபடியும்..."

"ஒரு வழி இருக்கு. கோடையில ஆறு வாரம் வாசிப்பு வகுப்பு நடக்கும். தினமும் காலையில மூணு மணி நேரம், ஒரு டீச்சருக்கு நாலே நாலு பிள்ளைங்க. முடிஞ்சதும் மறுபடி தேர்வு. போன வருஷம் அங்க போனவங்கள்ல பாதிக்கு மேல தேறினாங்க."

"அதுல சேத்துடுங்க. ப்ளீஸ். என்ன ஃபார்ம்னாலும் இப்பவே எழுதித் தர்றேன்."

மிஸ் யோடர் தன் விரல்களைப் பார்த்தார். "மொத்தம் பன்னிரண்டு இடம். மூணாம் வகுப்பு முழுக்கத் தேறாதவங்க முப்பத்தொரு பிள்ளைங்க. வீட்டுல சொல்லித் தர ஆளில்லாத பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல. அதுதான் இங்க கணக்கு. டெல்லாவுக்கு அப்படி இல்லையே."

இழுப்பறையிலிருந்து ஊதா அட்டை போட்ட ஃபோல்டர் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார்.

"நூறு நாள். ஒரு நாள்கூட விடல. எங்கிட்ட இருபத்தாறு பிள்ளைங்க இருக்காங்க. உங்கள மாதிரி ஒரு அம்மாவ இந்த வருஷம் நான் பாக்கல. அந்த வேலையில நின்னுட்டு வந்து, ராத்திரி இத வேற செய்யறீங்கன்னு டீச்சர்ஸ் ரூம்ல நான் சொல்லாத ஆள் இல்ல."

ஷெல்பிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்கக் கூடாதா என்றிருந்தது. ஆனாலும் தாளைப் பார்த்தாள்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர். நீலம், கறுப்பு, ஒரு நாள் பச்சை. எல்லாம் அவள் கிறுக்கியவைதான். ஜனவரியும் அவளுடையதே. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் எழுத்து மாறியது. புத்தகப் பெயர்கள் அச்சடித்த மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்த மாதிரி இருந்தன. அடுத்த கட்டத்தில் இருபது. அதற்கடுத்து எஸ்.கே. அவளுடைய எஸ் எப்போதும் அவசரத்தில் கவிழ்ந்து விழும். இந்த எஸ் நிமிர்ந்து, அழகாக, அடியில் ஒரு சின்னச் சுழியோடு நின்றது.

அவள் போட்ட கையெழுத்து இல்லை அது.

அப்போதுதான் அந்தக் காலை நினைவுக்கு வந்தது. பனி கொட்டிய நாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, பேனா எழுதவில்லை, பின்னால் நின்ற கார்காரன் ஹாரன் அடிக்கிறான். "இன்னொரு தடவ இந்தத் தாள எங்கிட்ட நீட்டினே, கிழிச்சுக் குப்பையில போட்டுடுவேன்!" என்று கத்தினாள். டெல்லா ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அது காருக்கு வரவே இல்லை.

"ஷெல்பி? தண்ணி வேணுமா?"

"இல்ல. சொல்லுங்க."

"நூறு நாள் வீட்டுல வாசிச்சும் ஒண்ணும் ஏறலன்னா, வேற ஏதோ குறை இருக்குன்னு அர்த்தம். சிறப்பு வகுப்புக்குப் பரிசோதனை எழுதிப் போடலாம்னு இருக்கேன். அது குளிர்காலம் வரைக்கும் இழுக்கும். அதுவரைக்கும் மூணாம் வகுப்புலயே இருக்கட்டும்."

குறை. ஷெல்பி அந்தச் சொல்லை விழுங்கினாள்.

"அந்தப் பன்னிரண்டு பேர் லிஸ்ட் எப்ப போகுது?"

"இன்னைக்கு மூணு மணிக்கு. ஏன்?"

"அதுக்குள்ள நான் உங்கள ஒரு தடவ வந்து பாக்கலாமா?"

"விழா முடிஞ்சதும் வாங்க," என்றார் மிஸ் யோடர். ஷெல்பி எழுந்தபோது, அவள் தோளைத் தொட்டு, "நீங்க செய்யாதது ஒண்ணுமில்ல. அத மட்டும் மனசுல வெச்சுக்கங்க" என்றார்.

சில ஆறுதல்களுக்கு ஓங்கி ஓர் அறை வாங்குவது எவ்வளவோ மேல்.

* * *

ட்ராய் பன்னிரண்டரைக்கே வந்துவிட்டான். சட்டையை மாற்றியிருந்தான், பூட்ஸில் மட்டும் சோளக்காட்டுச் சேறு. பிக்கப் லாரியைப் பள்ளி மைதானத்து ஓரம் நிறுத்திவிட்டு, மகளுக்காக வாங்கி வந்த பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இந்த ட்ராயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாரம் முழுக்க மோட்டல் அறையில் படுத்தாலும், தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வீடியோவில் கூப்பிடுவான். பள்ளி விட்டதும் டெல்லா அவனுடைய அக்கா மார்சியிடம்தான் இருப்பாள். மார்சி டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பாள், டெல்லா சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அப்பாவுக்குக் கதை சொல்வாள். "இன்னைக்கு எந்தப் புத்தகம்?" என்று ட்ராய் கேட்பான். அவள் புத்தகத்தின் அட்டையைக் காட்டிவிட்டுக் கதையை ஆரம்பிப்பாள். குரல் மாற்றி, கையை ஆட்டி, நடுவில் நிறுத்தி அப்பாவைத் தவிக்கவிட்டு. பக்கத்துக் கட்டில்காரன்கூட போனுக்குள் எட்டிப் பார்த்து, "அப்புறம் கரடி என்ன பண்ணுச்சு?" என்று கேட்டிருக்கிறான்.

அந்தக் கரடி வருகிற கதைதான் ட்ராய்க்கு ரொம்பப் பிடித்தது. 'நரியின் சிவப்புக் குடை.' மழையே பெய்யாத ஊரில் ஒரு நரிக்குக் குடை கிடைக்கிறது. அது குடையைத் திருப்பிப் போட்டுப் படகாக்கி ஆற்றில் போகிறது. அக்கரையில் ஒரு கரடிக்குட்டி தனியாக நிற்கிறது. வேலைக்குப் போன அம்மா திரும்பி வருவதற்குள் ஆறு வற்றிவிடுமோ என்று அதற்குப் பயம். மோட்டல் அறையில் ட்ராய் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நண்பன் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவனுக்குக் கரடி என்றுதான் பெயர்.

நூறாம் நாளுக்கு அந்தப் புத்தகத்தையே வாங்கித் தருவதென்று முடிவு செய்து, பக்கத்து நகரம் வரை போய் வாங்கி வந்திருந்தான். விழாவுக்கு நேரம் இருந்தது. பொட்டலத்தின் ஓரத்தை ஒட்டாமல்தான் வைத்திருந்தான். எடுத்துப் படித்தான்.

கரடி வரவில்லை.

ஆறும் இல்லை. கதை முழுக்க ரயில் நிலையத்தில் நடந்தது. பெஞ்சில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையைத் தூக்கிக்கொண்டு, நரி ஒவ்வொரு பயணியிடமும் இது உங்களுடையதா என்று கேட்கிறது. கடைசியில் குடைக்குச் சொந்தக்காரி ஒரு வாத்து. ட்ராய் திரும்ப முதலிலிருந்து புரட்டினான். அப்புறம் அட்டையைப் பார்த்தான். நரியின் காலடியில் நீலத் தரை. தூரத்திலிருந்து பார்த்தால் ஆறு. மூலையில் பழுப்பாக ஒரு நிலையத்து நாய். கரடி என்று சொன்னால் கரடிதான்.

எண்பது, தொண்ணூறு கதை கேட்டிருப்பான். எல்லாம் அட்டையைப் பார்த்துச் சொன்னவை. ட்ராய் புத்தகத்தை மூடி ஸ்டியரிங் மேல் வைத்தான்.

ஒரு மணிக்கு ஷெல்பி ஓடி வந்து லாரிக்குள் ஏறினாள். சமையலறையில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, மீதி நாளுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஏப்ரன் வாசனை போகவில்லை.

"இவளுக்குப் படிக்கத் தெரியாதா ஷெல்?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், ஸ்டியரிங் மேல் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். சுற்றி வளைக்க அவளுக்கும் தெம்பில்லை.

"தெரியாது."

"அப்ப நூறு நாளு?"

"ஒம்பது நாளு. மிச்சமெல்லாம் கார்ல நான் கிறுக்கினது."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ஆறரைக்குக் கதை கேட்டுட்டு எட்டரைக்கு எனக்குப் போன் பண்ணி, எம் பொண்ணு மேதாவின்னு குதிச்ச. அப்ப சொல்லட்டுமா?"

"நான் அவளுக்கு ஜன்னலடியில பெஞ்ச் செஞ்சு போட்டேன். லைட்டு வெச்சேன். அலமாரி அடிச்சேன்."

"பெஞ்ச் செஞ்ச. பெஞ்சு சொல்லித் தருமா ட்ராய்?"

அவன்மேல் இருந்த கோபமா அது? அவள் தன்மேல் வைத்திருந்த கோபத்துக்கு வேறு இடமில்லை, அவ்வளவுதான்.

மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். தேறாதது, பன்னிரண்டு இடம், மூன்று மணி. கடைசியாகப் பிப்ரவரிக்குப் பிறகு வந்த அந்த அழகான எஸ்.

"அவளே போட்டுக்கிட்டாளா?" என்றான் ட்ராய்.

"என்னால கத்த முடிஞ்சது. அவளால சமாளிக்க முடிஞ்சது."

"போய்ச் சொல்லிடு. இப்பவே போ. வீட்டுல யாரும் சொல்லித் தரலன்னு சொல்லு. இடம் குடுத்துடுவாங்க."

"அம்பது கையெழுத்து அவ போட்டதுன்னும் சொல்லணுமே."

"சொல்லு. எட்டு வயசுக் கொழந்தை. ஜெயில்லயா போடுவாங்க?"

"ஒன்றரைக்கு அவ மேடை ஏறப் போறா. மஞ்சக் கவுன் போட்டுட்டு வந்திருக்கா. இப்பப் போய்ச் சொன்னா அவ பேர அடிச்சுடுவாங்க. இருநூறு பிள்ளைங்க முன்னால அவ மட்டும் உக்காந்திருக்கணும்."

ட்ராய் பள்ளிக் கட்டிடத்தைப் பார்த்தான். "விழா முடியட்டும். மூணு மணிக்குள்ள சொல்லிடு. சத்தியமா சொல்லிடு."

"சொல்றேன்."

* * *

விளையாட்டுக்கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். பிள்ளைகள் தரையில். மேலே வண்ணக் காகிதத்தில், 'தினமும் இருபது நிமிடம், வாழ்க்கை முழுக்க வெளிச்சம்!' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. அதை எழுதியவருக்குக் குழந்தை குட்டி இருக்கிறதா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

தலைமை ஆசிரியர் மிஸ்டர் ஹோக் மைக்கைப் பிடித்தார். நூறு நட்சத்திரம் வாங்கியவர்கள் மூன்றாம் வகுப்பில் மொத்தம் ஐந்து பேர். நான்காவதாக டெல்லா ஏறினாள். ரிப்பனில் கோத்த மெடலை அவர் அவள் கழுத்தில் போட்டார். அவள் கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள். கண்டுபிடித்தாள். மெடலை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள்.

ட்ராய் எழுந்து நின்று கைதட்டினான். வேறு எந்த அப்பாவும் எழுந்து நிற்கவில்லை. உதட்டை அழுத்திக் கடித்துக்கொண்டு, அவ்வளவு பெரிய ஆள், தட்டிக்கொண்டே நின்றான்.

"அவங்க அம்மாவுக்கும் ஒரு கைதட்டு!" என்றார் மிஸ்டர் ஹோக். கூடம் முழுக்கத் தட்டியது. ஷெல்பி தலை குனிந்தாள். அடக்கமான பெண் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

* * *

இரண்டே காலுக்கு வகுப்பறையில் வேறு யாருமில்லை. ஷெல்பி உட்காரக்கூட இல்லை.

"அந்தத் தாள் பொய், மிஸ் யோடர். ஒம்பது நாள்தான் வாசிச்சோம். அவளுக்குக் குறையெல்லாம் இல்ல. சொல்லித் தர்றதுக்கு வீட்டுல ஆளில்ல, அதான் குறை. லிஸ்ட்ல அவ பேரப் போடுங்க."

மிஸ் யோடர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வரும் என்று ஷெல்பி நினைத்தாள். வரவில்லை.

"அக்டோபர்லயே சொல்லியிருக்கலாமே ஷெல்பி."

"தெரியும்."

"நானும் கையெழுத்தப் பாக்கல. கட்டத்துல ஏதாவது இருக்கான்னு மட்டும் பாத்தேன். தினமும் இருபத்தாறு தாள், குத்திக் குத்திப் போட்டேன்." அவர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஓடிப் போய் மிஸ்டர் ஹோக் கிட்டக் குடுக்கறேன். நேரம் இருக்கு."

ஷெல்பி எழுதினாள். 'நூறு கட்டங்களிலும் நானே கையெழுத்திட்டேன். ஒன்பது நாட்கள் தவிர மகள் வீட்டில் வாசிக்கவில்லை.' கீழே எஸ்.கே. அவசரத்தில் கவிழ்ந்த எஸ்.

மிஸ் யோடர் அதை எடுத்து ஊதா ஃபோல்டருக்குப் பக்கத்தில் வைத்தார். மார்ச்சைப் பார்த்தார், ஏப்ரலைப் பார்த்தார், வெள்ளைத்தாளைப் பார்த்தார்.

"இந்த எஸ் உங்களோடது இல்ல."

"என்னோடதுதான்."

"இருபது வருஷமா எட்டு வயசுப் பிள்ளைங்க எழுதறதத்தான் பாத்துட்டிருக்கேன். இந்தச் சுழி டெல்லா போடறது."

மிஸ் யோடர் வெள்ளைத்தாளை அவள் பக்கமே திருப்பி வைத்தார்.

"ஷெல்பி, நடந்தத நடந்தபடி எழுதுங்க. இந்த நிமிஷமே பேர் சேத்துடலாம். இத இப்படியே எடுத்துட்டுப் போனா மிஸ்டர் ஹோக் ரெண்டு எழுத்தையும் வெச்சுப் பாப்பாரு. மறுபடியும் பொய்யான்னுதான் கேப்பாரு."

"நடந்தத எழுதினா அவ ஃபைல்ல போகுமா?"

"போகும்."

"கள்ளக் கையெழுத்துன்னு."

"வார்த்தை அது இல்ல. ஆனா அர்த்தம் அதுதான்."

சுவர்க் கடிகாரம் இரண்டு முப்பத்தைந்து காட்டியது. ஷெல்பிக்கு ட்ராய்க்குக் கொடுத்த வாக்கு நினைவிருந்தது. ஆறு வாரம், தினமும் மூன்று மணி நேரம், ஒரு டீச்சருக்கு நாலே பிள்ளைகள் என்பதும் நினைவிருந்தது. பேனாவை எடுத்தாள். 'பிப்ரவரி முதல் என் மகள்' என்று எழுதினாள். அங்கே கை நின்றுவிட்டது. அந்தப் பனிக்காலையில் தாளை மடித்துப் பைக்குள் வைத்த விரல்கள் கண் முன்னால் வந்தன. யார் கற்றுக் கொடுத்தது? தினமும் காரில், பின்சீட்டிலிருந்து பார்க்கும்படி, யார் உட்கார்ந்து கற்றுக் கொடுத்தது?

எழுதிய நாலு வார்த்தையையும் அடித்தாள்.

"எல்லாம் நான் போட்டதுதான்," என்றாள்.

மிஸ் யோடர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டியலை எடுத்து, பன்னிரண்டாம் பெயருக்கு அடியில் கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே எழுதினார்.

"பதிமூணாவதா போட்டிருக்கேன். யாராவது வராம போனா உண்டு. போன வருஷம் யாரும் வராம போகல. அத உங்ககிட்ட மறைக்க மாட்டேன். இந்தக் காகிதம் எங்கிட்ட வந்தப்புறம் நான் சும்மாவும் இருக்க முடியாது. திங்கக்கிழமை எட்டு மணிக்கு மிஸ்டர் ஹோக் கூப்பிடுவாரு. நீங்க, உங்க வீட்டுக்காரர், டெல்லா, மூணு பேரும் வரணும்."

"டெல்லா எதுக்கு?"

"எழுதிக் காட்டச் சொல்லுவாரு."

* * *

சாயங்காலம் ஐந்தரைக்கு ட்ராய் சமையலுக்கு நேரம் வைக்கும் மணியை எடுத்து இருபது நிமிடத்துக்குத் திருகி ஜன்னலோரம் வைத்தான். பள்ளியை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவன் ஷெல்பியிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். "பதிமூணா?" என்று கேட்டான். அவள் ஆமாம் என்றாள். அதோடு சரி.

"டெல்லா, இங்க வா. அப்பாகூட வாசிக்கலாம்."

அவள் மெடலோடு ஓடி வந்து அவன் செய்த பெஞ்சில் ஏறினாள். புதுப் புத்தகத்தைப் பார்த்ததும் கத்தினாள். "குடை நரி! அப்பா, இது எனக்கா?" முதல் பக்கத்தைத் திறந்து, படத்தை ஒரு பார்வை பார்த்து, குரலை மாற்றினாள். "மழையே இல்லாத ஒரு ஊர்ல..."

"இல்லடா கண்ணு. இங்க எழுதியிருக்கு பாரு. இத வாசி."

அவள் விரலை வைத்தாள். முதல் வார்த்தை வந்தது. இரண்டாவது வார்த்தையைப் படத்தைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாவதில் நின்றாள். ட்ராய் முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தான். அவள் வேறு எதையோ சொன்னாள். திரும்பச் சொன்னான். அவள் இன்னும் மெதுவாக, இன்னும் தப்பாகச் சொன்னாள். அவள் காது சிவந்தது. சமையலறை வாசலில் நின்ற ஷெல்பிக்கு அக்டோபர் மாதம் அப்படியே திரும்பி வந்தது போலிருந்தது.

"அப்பா, நான் சொல்ற கதைதான் நல்லா இருக்கும்."

"ஆமாடா," என்றான் ட்ராய். அது உண்மை என்பதுதான் அவனால் தாங்க முடியவில்லை. "ஆனா இதையும் வாசிக்கணும்."

மணி அடித்தபோது ஒரு வரி முடிந்திருக்கவில்லை. டெல்லா பெருமூச்சு விட்டுக் குதித்து இறங்கினாள். பையிலிருந்து மே மாதத்துக்கான புதுத் தாளை எடுத்து வந்து, இருவருக்கும் நடுவில், மேசையில் வைத்தாள். அட்டையைப் பார்த்துப் பார்த்துப் புத்தகத்தின் பெயரை வரைந்தாள். இருபது என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தில், நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, நிமிர்ந்த ஓர் எஸ், அதன் அடியில் சின்னச் சுழி, பக்கத்தில் கே. அவள் எழுதியதிலேயே திருத்தமாக இருந்தது அதுதான்.

ட்ராய் ஷெல்பியைப் பார்த்தான். ஷெல்பியால் வாசலை விட்டு நகர முடியவில்லை.

"திங்கக்கிழமைக்கும் இப்பவே போட்டுடறேம்மா," என்றாள் டெல்லா, அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டே. "உனக்கு வேலை இருக்குல்ல."